ஜார்ஜ் விட்ஃபீல்டும் அமெரிக்காவின் 'பெரும் எழுப்புதலும்': ஓர் எளிய அறிமுகம்

1740 அக்டோபர் 23. கனெக்டிகட்டில் நேதன் கோல் என்ற விவசாயி வயலில் வேலை செய்துகொண்டிருந்தார். காலை எட்டு, ஒன்பது மணி இருக்கும். குதிரையில் வந்த ஒருவர் ஒரு சேதி சொன்னார்: ஜார்ஜ் விட்ஃபீல்ட் இன்று பத்து மணிக்கு மிடில்டவுனில் பிரசங்கம் செய்கிறார். கோல் கையிலிருந்த கருவியை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். மனைவியைக் கிளம்பச் சொன்னார். மேய்ந்துகொண்டிருந்த குதிரையைப் பிடித்து வந்தார். மிடில்டவுன் 12 மைல் தூரம். இரண்டு பேரைச் சுமந்து குதிரைக்கு மூச்சு வாங்கியபோதெல்லாம் அவர் இறங்கி, மனைவியை மட்டும் வேகமாகப் போகச் சொல்லிவிட்டு, தன்னால் முடிந்தவரை கூடவே ஓடினார். ஊரை நெருங்கும்போது தூரத்தில் மேகம் மாதிரி ஏதோ எழும்பியது. ஆற்றுப் பனி என்று முதலில் நினைத்தார். கிட்டே போனால் அது குதிரைக் குளம்புகள் கிளப்பிய புழுதி. வழி நெடுக வயலில் ஓர் ஆளைக்கூடக் காணவில்லை என்று பிற்பாடு எழுதிவைத்தார்.

அன்று மேடையில் நின்றவருக்கு வயது 25. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவர். அந்த ஊரில் அவருக்குச் சபையும் இல்லை, பதவியும் இல்லை. அப்படிப்பட்டவரைக் கேட்க ஒரு வட்டாரமே வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தது ஏன்? பிரிட்டன் ஆண்ட அமெரிக்கக் குடியேற்றங்களில் 1730களிலும் 1740களிலும் வீசிய சமய அலையை 'பெரும் எழுப்புதல்' என்கிறார்கள். அதைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

அதற்கு முன் சமயம் எப்படி இருந்தது?

எழுப்புதல் என்பது புது மதம் அல்ல. ஏற்கெனவே கிறிஸ்தவர்களாக இருப்பவர்களிடையே, வழக்கமாகிப்போன பக்திக்குள் திடீரென்று தீவிரம் பரவுவதுதான் அது. கூட்டங்கள் பெருகும், மக்கள் தங்கள் பாவத்தை எண்ணி அழுவார்கள், வீடுகளில் ஜெபமும் பாட்டும் கேட்கும். சில மாதங்களிலோ சில வருடங்களிலோ அது தணிந்துவிடும். ஆனால் அது விட்டுப்போகும் மாற்றங்கள் நிற்கும்.

அன்றைக்கு மாசசூசெட்ஸ், கனெக்டிகட் போன்ற இடங்களில் ஊருக்கு ஒரு சபை, ஒரு போதகர். அவருக்குச் சம்பளம் மக்கள் கட்டும் வரியிலிருந்து போனது. வர்ஜீனியாவில் இங்கிலாந்துத் திருச்சபைக்கு அதே மாதிரியான இடம். ஒருவர் எந்த ஊரில் பிறந்தாரோ அந்த ஊர்ப் போதகரே அவருக்குப் போதகர். அவர் நன்றாகப் பேசுகிறாரா, அவர் சொல்வது மனதைத் தொடுகிறதா என்று யாரும் கேட்பதில்லை. படித்த மனிதர் எழுதிக் கொண்டுவந்ததை வாசிப்பார், மக்கள் உட்கார்ந்து கேட்பார்கள். ஊரின் ஒழுங்கும் சபையின் ஒழுங்கும் ஒன்றாகவே இருந்தன.

விட்ஃபீல்ட் வருவதற்கு முன்பே அங்கங்கே எழுப்புதல் தொடங்கிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். நியூ ஜெர்சியில் டச்சுச் சபைப் போதகர் ஃபிரேலிங்ஹைசனும் கில்பர்ட் டென்னன்ட் குடும்பத்தாரும் மனமாற்றத்தை அழுத்திப் பேசிவந்தார்கள். மாசசூசெட்ஸின் நார்த்தாம்ப்டனில் ஜோனதன் எட்வர்ட்ஸின் சபையில் 1734, 1735 வருடங்களில் பெரிய அசைவு ஏற்பட்டது. எட்வர்ட்ஸ் அதைப் பற்றி எழுதியது 1737 இல் லண்டனில் அச்சாகி, கடலுக்கு அந்தப்பக்கம் இருந்தவர்களையும் எட்டியது. ஆனால் இவையெல்லாம் தனித்தனி அடுப்புகள். ஓர் ஊரில் நடப்பது அடுத்த குடியேற்றத்துக்குச் சரியாகத் தெரியாது. இந்த நெருப்புகளை ஒன்றாக்கியவர்தான் விட்ஃபீல்ட்.

சத்திரத்தில் வளர்ந்தவர்

1714 டிசம்பரில் இங்கிலாந்தின் கிளாஸ்டர் நகரில் பிறந்தார். பெற்றோர் பெல் இன் என்ற சத்திரத்தை நடத்தினார்கள். இரண்டு வயதில் தந்தை இறந்துவிட்டார். சிறு வயதில் வந்த அம்மையால் கண்ணில் மாறுகண் விழுந்து, கடைசிவரை அப்படியே இருந்தது. பள்ளியில் அவருக்குப் பிடித்தது நாடகம். வீட்டில் பணம் குறைந்தபோது சத்திரத்தில் துடைத்துக் கழுவி, வந்தவர்களுக்குப் பானம் ஊற்றிக் கொடுக்கும் வேலையும் பார்த்தார். பிற்காலத்தில் சுரங்கத் தொழிலாளியிடமும் சீமாட்டியிடமும் ஒரே சரளத்தோடு பேச முடிந்ததற்கு இந்தச் சத்திர வாழ்க்கையும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

1732 இல் ஆக்ஸ்ஃபோர்டின் பெம்ப்ரோக் கல்லூரியில் சேர்ந்தார். கட்டணம் கட்ட வசதியில்லாததால் பணக்கார மாணவர்களுக்கு ஏவல் வேலை செய்து படித்தார். அங்கேதான், பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தை வழிநடத்திய ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி சகோதரர்களின் பழக்கம் கிடைத்தது. கடும் நோன்பும் ஜெபமுமாக உடம்பை வருத்தி நோயில் விழுந்தார். 1735 இல் அவருக்கு ஒரு தெளிவு பிறந்தது: சடங்கும் நற்செயலும் தன்னைக் காப்பாற்றாது, மனிதன் உள்ளுக்குள்ளேயே புதிதாகப் பிறக்க வேண்டும்.

1736 இல் அருட்பொழிவு பெற்றுச் சொந்த ஊரில் முதல் பிரசங்கம் செய்தார். 15 பேரைப் பைத்தியமாக்கிவிட்டார் என்று பிஷப்பிடம் புகார் போனது. அடுத்த ஞாயிறுவரை அந்தப் பைத்தியம் தெளியாமல் இருந்தால் நல்லது என்றாராம் பிஷப்.

1738 இல் முதல் முறையாக அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குப் போய் வந்தார். அடுத்த வருடம் இங்கிலாந்தில் பல ஆலயங்கள் அவருக்குக் கதவடைத்தன. சரி, ஆலயம் கிடைக்காவிட்டால் வெளியே பேசலாம் என்று முடிவு செய்தார். 1739 பிப்ரவரியில் பிரிஸ்டல் பக்கத்தில் கிங்ஸ்வுட்டில், ஆலயத்தையே எட்டிப் பார்க்காத நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் திறந்தவெளியில் பேசினார். கரி படிந்த கன்னங்களில் கண்ணீர் வெள்ளைக் கோடுகளாக வழிந்தது என்று எழுதினார். இன்று திறந்தவெளிப் பிரசங்கம் நமக்குச் சாதாரணம். அன்றைக்கு ஒரு குருவானவர் வயலில் நின்று பேசுவது மரியாதைக் குறைவு, ஏன், ஒழுங்குமீறல். இதைத் தயக்கமில்லாமல் செய்ததுதான் பின்னால் அமெரிக்காவில் அவருக்கு வழி திறந்தது.

சொன்னது என்ன, சொன்ன விதம் என்ன

அவர் திரும்பத் திரும்பச் சொன்ன செய்தி ஒன்றே: யோவான் நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில் வரும் "ஒருவன் மறுபடியும் பிறவாவிட்டால் தேவனுடைய ராஜ்யத்தைக் காணமாட்டான்" என்ற வசனம். ஞானஸ்நானம் எடுத்திருக்கலாம், ஞாயிறு தவறாமல் ஆலயம் போகலாம், நல்ல குடும்பத்தில் பிறந்திருக்கலாம். அது போதாது. நீ, உன் இருதயத்தில், மாறினாயா? இந்தக் கேள்வியைக் கூட்டத்தில் நிற்கும் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்பதுபோல அவரால் கேட்க முடிந்தது. கோல் அந்தக் கூட்டத்திலிருந்து திரும்பியபோது, இத்தனை நாள் தன் நல்லொழுக்கமே தன்னைக் காப்பாற்றும் என்று நம்பிய அடித்தளம் உடைந்துபோனதாக எழுதினார். கிட்டத்தட்ட இரண்டு வருடம் அந்தத் தவிப்பு அவரை விடவில்லை.

சொன்ன விதத்துக்கு வருவோம். குறிப்புத்தாள் இல்லாமல் பேசுவார். விவிலியப் பாத்திரமாகவே மாறி நடிப்பார், அழுவார். டேவிட் காரிக் அன்றைய லண்டனின் தலைசிறந்த நடிகர். விட்ஃபீல்ட் மாதிரி ஒரு 'ஓ' சொல்ல முடிந்தால் நூறு கினி (அன்றைய பொற்காசு) கொடுப்பேன் என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு.

குரலின் வீச்சைப் பற்றிய நல்ல சாட்சி பெஞ்சமின் ஃபிராங்க்லினுடையது. அவர் விட்ஃபீல்டின் கொள்கையை ஏற்றவர் அல்ல என்பதால் அந்தச் சாட்சிக்கு மதிப்பு அதிகம். ஃபிலடெல்ஃபியாவில் நீதிமன்றப் படிகளில் நின்று விட்ஃபீல்ட் பேசிக்கொண்டிருந்தார். ஃபிராங்க்லின் கூட்டத்தின் கடைசியிலிருந்து ஆற்றை நோக்கிப் பின்னாலேயே நடந்து, எதுவரை குரல் தெளிவாகக் கேட்கிறது என்று பார்த்தார். அந்தத் தூரத்தை ஆரமாக வைத்து ஓர் அரைவட்டம், ஆளுக்கு இரண்டு சதுர அடி இடம் என்று கணக்குப் போட்டார். 30,000 பேருக்கு மேல் கேட்கலாம் என்று வந்தது. வயல்வெளியில் 25,000 பேரிடம் பேசினார் என்று பத்திரிகையில் படித்ததை அப்புறம்தான் நம்பினார்.

இன்னொரு சம்பவமும் ஃபிராங்க்லினே எழுதியது. ஜார்ஜியாவில் விட்ஃபீல்ட் கட்டும் அநாதை இல்லத்துக்குக் காணிக்கை கேட்கப்போகிறார் என்று தெரிந்து, ஒன்றும் கொடுப்பதில்லை என்ற முடிவோடு கூட்டத்தில் நின்றார். பையில் செம்பும் வெள்ளியும் தங்கமுமாகக் காசு இருந்தது. பேச்சுப் போகப்போக, செம்புக் காசை மட்டும் போடலாம் என்று இளகினார். அடுத்து வெள்ளியையும் போடலாம் என்று தோன்றியது. முடிவில் தங்கம் உட்பட மொத்தத்தையும் தட்டில் கொட்டிவிட்டார்.

குரலை மட்டும் சொன்னால் கதையில் பாதிதான் வரும். மீதிப் பாதி அச்சகம். வில்லியம் சீவர்ட் என்ற பணக்கார நண்பர் அவருக்கு முன்னாலேயே செய்தித்தாள்களுக்கு எழுதி, எந்த ஊரில் எத்தனை பேர் கூடினார்கள், அடுத்து எங்கே போகிறார் என்று பரப்பிவந்தார். விட்ஃபீல்ட் தன் பயண நாட்குறிப்புகளைச் சுடச்சுட அச்சிட்டார். ஃபிலடெல்ஃபியாவில் அவற்றையும் பிரசங்கங்களையும் அச்சிட்டு விற்றவர் ஃபிராங்க்லின். அதில் அவருக்கு வியாபாரமும் இருந்தது, நட்பும் இருந்தது. மிடில்டவுன் கூட்டத்துக்கு ஓடும் முன்பே கோல் ஃபிலடெல்ஃபியா செய்திகளைக் கேள்விப்பட்டு, இவர் எப்போது நம் பக்கம் வருவார் என்று காத்திருந்தவர்தான்.

அப்படி விட்ஃபீல்ட் 1739 இலையுதிர் காலத்தில் அமெரிக்காவில் வந்து இறங்கியபோதே நாடு தயாராக இருந்தது. 1740 செப்டம்பரில் மாசசூசெட்ஸ், கனெக்டிகட் அடங்கிய நியூ இங்கிலாந்துப் பகுதிக்குப் போனார். அக்டோபர் 12 அன்று பாஸ்டன் திடலில் நடந்த விடைபெறும் கூட்டத்துக்கு 20,000 பேர் வந்ததாக அன்றே எழுதினார்கள். அந்த எண் அப்போதைய பாஸ்டனின் மொத்த மக்கள்தொகையைவிடவே அதிகம். இடையில் ஒரு துயரமும் நடந்தது. நெரிசலான ஓர் ஆலயத்தில் மாடி இடிகிறது என்று வதந்தி கிளம்பி, ஜன்னல்வழியே குதித்தும் மிதிபட்டும் ஐந்து பேர் இறந்தார்கள். அதே மாதம் நார்த்தாம்ப்டனில் எட்வர்ட்ஸின் பிரசங்க பீடத்தில் விட்ஃபீல்ட் பேசியபோது எட்வர்ட்ஸ் உட்கார்ந்து அழுதார்.

இங்கிலாந்துத் திருச்சபைக் குருவான இவர் காங்ரிகேஷனல், பிரெஸ்பிட்டேரியன், டச்சுச் சபை என்று எல்லா மேடையிலும் ஏறினார். மறுபிறப்பு ஒன்றே முக்கியம் என்றான பிறகு சபை வேலிகள் தாழ்ந்துபோயின. ஃபிலடெல்ஃபியா மக்கள் அவருக்காக 100 அடி நீளம், 70 அடி அகலத்தில் ஒரு கூடம் கட்டினார்கள். எந்தச் சமயத்துப் போதகரும் அதில் பேசலாம் என்று வைத்தார்கள். கான்ஸ்டான்டினோபிளின் முஃப்தி ஆளனுப்பி இஸ்லாத்தைப் போதிக்கச் சொன்னாலும் இங்கே ஒரு மேடை உண்டு என்று ஃபிராங்க்லின் பெருமையாக எழுதினார். அந்தக் கட்டடம் பின்னால் ஒரு கல்விச்சாலையின் கைக்குப் போனது. அந்தக் கல்விச்சாலைதான் வளர்ந்து பென்சில்வேனியா பல்கலைக்கழகம் ஆனது.

ஜார்ஜியாவில் சவான்னா அருகே 1740 இல் அவர் தொடங்கிய பெதெஸ்தா அநாதை இல்லத்துக்கு முன்மாதிரி ஜெர்மனியின் ஹாலேயில் ஃபிராங்கே நடத்திய இல்லம். நமக்கு அந்தப் பெயர் அந்நியமானது அல்ல. 1706 இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு அதே ஹாலேயில் படித்தவர்.

பிளவு

கேட்பவரே தீர்ப்புச் சொல்பவராக மாறியதுதான் இந்த எழுப்புதலின் உண்மையான புரட்சி என்பது என் கருத்து. மறுபிறப்பு அடையாத போதகர் பிறரை எப்படி வழிநடத்துவார் என்று விட்ஃபீல்ட் வெளிப்படையாகவே கேட்டார். 1740 மார்ச்சில் கில்பர்ட் டென்னன்ட் இதையே இன்னும் கடுமையாகப் பிரசங்கித்து, உயிரில்லாத போதகரை விட்டு மக்கள் வேறிடம் போகலாம் என்றார். ஊருக்கு ஒரு போதகர் என்ற ஏற்பாட்டின் ஆணிவேரில் விழுந்த வெட்டு அது. போதகரின் பட்டத்தைவிட, அவர் பேச்சில் கேட்பவருக்குக் கிடைத்த அனுபவம் பெரிதாகிவிட்டது.

எதிர்ப்பு வராமல் இருக்குமா? சார்ல்ஸ்டனில் இங்கிலாந்துத் திருச்சபையின் பிரதிநிதி அலெக்சாண்டர் கார்டன் சபை நீதிமன்றம் கூட்டி விட்ஃபீல்டை இடைநீக்கம் செய்தார். பாஸ்டனில் சார்ல்ஸ் சான்சி என்ற போதகர், உணர்ச்சிப் பெருக்கைத் தேவ ஆவியின் செயல் என்று எண்ணி ஏமாறக் கூடாது என்று விரிவாக எழுதினார். சான்சியின் கவலையைப் பழமைவாதம் என்று ஒதுக்குவது நியாயமில்லை. 1743 மார்ச்சில் ஜேம்ஸ் டேவன்போர்ட் என்ற போதகர் கனெக்டிகட்டின் நியூ லண்டனில் தன் ஆதரவாளர்களைக் கூட்டி, மதிப்புக்குரிய சமய நூல்களையே தீயில் போடவைத்தார். அடுத்த வருடம் அவரே அதைத் தவறென்று ஒப்புக்கொண்டார்.

1744 இறுதியில் ஹார்வர்ட் கல்லூரி ஆசிரியர்கள் விட்ஃபீல்டை எதிர்த்து அறிக்கை வெளியிட்டார்கள். அவரும் 1748 இல், ஆட்களைப் பற்றி அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன் என்று எழுதினார். 1764 இல் ஹார்வர்ட் நூலகம் தீப்பிடித்து எரிந்தபோது அதற்குப் புத்தகம் திரட்டிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். கல்லூரி அவருக்கு நன்றி தெரிவித்தது. வெஸ்லியோடும் ஒரு பிளவு இருந்தது. யார் இரட்சிக்கப்படுவார் என்பதைத் தேவன் முன்னமே தீர்மானித்துவிட்டார் என்பது விட்ஃபீல்டின் நம்பிக்கை. இரட்சிப்பின் அழைப்பு எல்லோருக்கும் திறந்தது என்றார் ஜான் வெஸ்லி. ஆனாலும் 1770 இல் லண்டனில் விட்ஃபீல்டுக்கு நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான்.

சபைகள் பிளந்தன. பிரெஸ்பிட்டேரியர்கள் 1741 இல் இரண்டாகி 1758 இல்தான் சேர்ந்தார்கள். நியூ இங்கிலாந்தில் எழுப்புதலை எதிர்த்த 'பழைய ஒளி', ஆதரித்த 'புதிய ஒளி' என்று இரு தரப்புகள். எழுப்புதல் பக்கம் நின்ற பிரெஸ்பிட்டேரியர்கள் 1746 இல் தொடங்கியதுதான் இன்றைய பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம். விட்ஃபீல்டைக் கேட்டு மனம்மாறிய ஷூபல் ஸ்டேர்ன்ஸ் 1755 இல் வட கரோலினாவின் சாண்டி கிரீக்குக்குப் போய் பாப்டிஸ்ட் சபையைப் பரப்பினார். இதே எழுப்புதலில் உருவான பாப்டிஸ்ட் போதகர் ஐசக் பேக்கஸ், நம்பாத சபைக்கு ஏன் வரி கட்ட வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கப் போராடினார். சபைக்கு வரி வாங்கும் வழக்கம் கனெக்டிகட்டில் 1818 இலும் மாசசூசெட்ஸில் 1833 இலும் ஒழிந்தது.

எழுப்புதலே அமெரிக்கப் புரட்சியைப் பெற்றெடுத்தது என்று சிலர் சொல்வார்கள். இது ஒரே இயக்கமே அல்ல, பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் ஒன்றாகக் கோத்துக் கட்டியது என்று எதிர்வாதமும் உண்டு. புரட்சிவரை இழுப்பது எனக்கு மிகையாகத் தெரிகிறது. ஆனால் தனித்தனித் தீவுகளாகக் கிடந்த குடியேற்றங்களில் ஜார்ஜியா விவசாயியும் பாஸ்டன் வணிகரும் ஒரே நாளில் ஒரே மனிதரைப் பற்றிப் பேசியது அதற்கு முன் நடந்திராத ஒன்று.

அடிமைகள்

இந்த இடத்தில் அவசரமாகக் கடந்துபோகக் கூடாது. 1740 இல் மேரிலாந்து, வர்ஜீனியா, வட, தென் கரோலினா மக்களுக்கு விட்ஃபீல்ட் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். உங்கள் நாய்களை மேசையருகே கொஞ்சுகிறீர்கள், அடிமைகளுக்கு அந்த அளவு கரிசனம்கூட இல்லையே என்று கடிந்துகொண்டார். அன்றைக்கு அதைச் சொல்லத் துணிச்சல் வேண்டும். ஆனால் அடிமை வைத்திருப்பதே தவறு என்று அவர் சொல்லவில்லை. அடுத்து நடந்தது இன்னும் கசப்பானது. ஜார்ஜியாவில் 1735 முதல் அடிமைமுறைக்குத் தடை இருந்தது. பெதெஸ்தாவுக்குப் பணம் போதவில்லை. 1747 இல் ஆதரவாளர்களின் காணிக்கையில் தென் கரோலினாவில் ஒரு தோட்டம் வாங்கி அடிமைகளைக்கொண்டு பயிரிட்டார். ஜார்ஜியாவிலும் தடையை நீக்க வேண்டும் என்று வாதாடினார். 1751 இல் தடை போனது. ஆபிரகாமுக்கே அடிமைகள் இருந்தார்கள் என்று விவிலியத்தைக் காட்டி எழுதினார். அநாதைப் பிள்ளைகளுக்குச் சோறு போட, பிற பிள்ளைகளின் பெற்றோரை விலைக்கு வாங்கினார். காலம் அப்படி என்று இதற்குச் சமாதானம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே காலத்தில் பென்சில்வேனியாவில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் சிலர் அடிமைமுறை பாவம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இருந்தும் அவர் செய்தியை அடிமைகளும் சுதந்திரக் கறுப்பினத்தவரும் கேட்டார்கள், தங்களுக்கானதாக எடுத்துக்கொண்டார்கள். சார்ல்ஸ்டனில் ஜான் மாரன்ட் என்ற கறுப்பினச் சிறுவன், நண்பனின் தூண்டுதலில் கூட்டத்தைக் கலைக்க ஊதுகொம்போடு உள்ளே வந்தான். விட்ஃபீல்ட் அவனை நோக்கி விரல் நீட்டி, "இஸ்ரவேலே, உன் தேவனைச் சந்திக்கும்படி ஆயத்தப்படு" என்றார். அவன் அப்படியே விழுந்தான். பின்னாளில் அவர் போதகராகி, நோவா ஸ்கோஷியாவில் குடியேறிய கறுப்பினத்தவரிடையே பணிசெய்தார்.

விட்ஃபீல்ட் அட்லான்டிக்கை 13 முறை கடந்தார். கடைசிப் பயணத்தில், 1770 செப்டம்பர் 30 அன்று, மாசசூசெட்ஸின் நியூபரிபோர்ட்டில் 55 வயதில் இறந்தார். பாஸ்டனில் அடிமையாக இருந்த ஃபில்லிஸ் வீட்லி என்ற இளம்பெண் அவருக்கு எழுதிய இரங்கற்பா அச்சாகிக் கடல் கடந்தும் வாசிக்கப்பட்டது. ஆப்பிரிக்கர்களே, இரட்சகர் உங்களுக்காக ஏங்குகிறார், அவர் பாரபட்சமற்றவர் என்று அதில் விட்ஃபீல்டின் வாயாலேயே சொல்லவைத்தார் வீட்லி. பாராட்டுக்குள் ஒரு கோரிக்கையும் வைத்த கவிதை அது. 1773 இல் லண்டனில் வெளிவந்த தன் கவிதை நூலை, விட்ஃபீல்டின் ஆதரவாளரான ஹன்டிங்டன் சீமாட்டிக்குக் காணிக்கையாக்கினார். விட்ஃபீல்டின் உயில்படி பெதெஸ்தாவும், அதில் உழைத்த ஏறக்குறைய 50 அடிமைகளும் போய்ச் சேர்ந்தது அதே சீமாட்டியிடம்தான்.